குற்றத்தடுப்பு நிதியும் இளைஞர் நலனும்: அஜீஸ் நகர் முதல் சிற்பி வரை

விருத்தாசலம் வட்டாரத்தின் வரலாற்றை எழுதுவோர் பழமலைநாதர் ஆலயத்தையும் மணிமுத்தாற்றையும் பீங்கான் தொழிலையும் தவறாமல் குறிப்பிடுவர். ஆனால், ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஆவணங்களில் இவ்வட்டாரம் வேறொரு காரணத்தாலும் இடம்பெற்றுள்ளதைப் பலர் அறியார். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வேப்பூரின் பெயரை அடைமொழியாக ஏற்றி, உழைத்துப் பிழைத்த ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றைக் குற்றப் பரம்பரை என்று அன்றைய அரசு எழுதி வைத்தது. அப்படிப் பெயர் எழுதப்பட்டோரைக் குடியமர்த்தும் பொருட்டு, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் அஜீஸ் நகர் என்றோர் குடியேற்றமும் அரசால் நடத்தப்பட்டது. பெயரைக் கேட்போர் அதனை ஒரு முஸ்லிம் குடியிருப்பு என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது, குற்றத்தைத் தடுப்பதற்கென அரசு பொதுப்பணத்தைச் செலவிட்ட இடங்களுள் ஒன்றாகும்.

குற்றம் நிகழ்ந்தபின் தண்டிப்பது ஒரு வழி. குற்றம் நிகழாதவாறு, குறிப்பாக இளைஞர்கள் அதன்பால் செல்லாதவாறு, முன்கூட்டியே பொதுநிதியைச் செலவிடுவது மற்றொரு வழி. இரண்டாவதே அறிவுடைமை என்பதில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. எனினும், இந்நிதி யாருக்கு, எப்பெயரால், யார் கையால் செலவிடப்பட்டது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ தீமையாகவோ முடிந்திருக்கிறது. நம் நாட்டின் அனுபவமும் பிற நாடுகளின் அனுபவமும் இது குறித்து என்ன சொல்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவலும் கூலியும்

ஊர்க்காவலுக்குப் பொதுமக்கள் பொருள் தருவது தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் வரி இடம்பெறுகிறது. ஊரைக் காப்பதற்காகக் குடிமக்கள் செலுத்திய கட்டணம் அது. பிற்காலச் சோழர் ஆட்சியில் இக்காவல் உரிமை மெல்ல மெல்ல உள்ளூர்த் தலைவர்களிடம் குவிந்தது. பாளையக்காரர் காலத்தில் அது தேசக்காவல், தலக்காவல் என விரிவடைந்தது. காவலர் தமக்குரிய பங்கை அறுவடையின்போது தானியமாகவோ பணமாகவோ பெற்றனர். அவர்களது காவலில் இருந்த பொருள் களவு போனால் அதனை மீட்டுத் தருவதோ, இயலாதபோது ஈடு கட்டுவதோ அவர்களின் கடமையாக இருந்தது.

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. காவற்கூலி தர மறுத்தவரின் மாடு அடுத்த நாளே காணாமற் போன கதைகள் நாட்டுப்புறத்தில் ஏராளம். ஆயினும் ஓர் உண்மையை மறுக்கவியலாது. வலிமையும் துணிவும் மிக்க இளைஞர்களுக்கு ஊரில் ஒரு பணியும், அப்பணிக்குக் கூலியும், கூலியோடு மதிப்பும் இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களின் காவல் அதிகாரத்தை அகற்றியது. 1859இல் சென்னை மாகாணத்துக்கெனக் காவல்துறைச் சட்டம் இயற்றப்பட்டுச் சீருடைக் காவல்படை உருவாயிற்று. ஊர்க்காவலை வாழ்வாகக் கொண்ட சமூகங்கள் கூலியையும் மதிப்பையும் ஒருசேர இழந்தன. காவல் புரிந்த கைகள் வேலையற்றுப் போனதும் அக்கைகளையே அரசு சந்தேகக் கண்கொண்டு பார்க்கலாயிற்று. நேற்றைய காவலர் இன்றைய திருடர் எனப் பதிவேடுகளில் எழுதப்பட்டனர். உப்பு வணிகம் முதலிய நாடோடித் தொழில்களை இரயிலின் வருகையாலும் அரசின் புதிய விதிகளாலும் இழந்த மக்களுக்கும் இதே நிலையே ஏற்பட்டது.

பிறப்பே குற்றமான காலம்

1871இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகத் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 1924இல் அது மீண்டும் தொகுக்கப்பட்டது. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே வழங்கினர். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என அரசு அறிவித்துவிட்டால், அச்சமூகத்தில் பிறந்தவர் எக்குற்றமும் செய்யாதவராயினும் தம் பெயரைப் பதிவு செய்து கைரேகை தருதல் வேண்டும். குறித்த நேரத்தில் காவல்நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். பல ஊர்களில் ஆண்கள் இரவுப் பொழுதை வீட்டில் கழிக்காமல் பொதுக் கொட்டடியில் கழிக்க நேர்ந்தது.

இச்சட்டத்தில் நமது தலைப்போடு நேரடித் தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. அறிவிக்கப்பட்ட சமூகத்தின் பிள்ளைகளை, அதாவது ஆறு வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை, பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ சேர்க்க அரசுக்கு அது அதிகாரம் அளித்தது. இளைஞரைக் குற்றத்திலிருந்து விலக்கி வைக்கும் திட்டம் என்றே இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பள்ளி, தொழிற்பயிற்சி, வேளாண்மை ஆகிய நல்ல சொற்கள் யாவும் இதில் இடம்பெற்றிருந்தன. ஆனால், அப்பிள்ளை பள்ளிக்கு வந்த காரணம் கல்வி கற்கும் உரிமையன்று; அவன் பிறப்பின் மீது அரசு கொண்ட ஐயமே.

குடியேற்றங்கள் இவ்வாறே எழுந்தன. சிலவற்றை அரசு நேரடியாக நடத்தியது. சிலவற்றை மானியம் தந்து சால்வேஷன் ஆர்மி போன்ற கிறித்தவ அமைப்புகளிடம் ஒப்படைத்தது. இன்றைய ஆந்திரத்தில் பாபட்லாவுக்கு அருகிலுள்ள ஸ்டூவர்ட்புரம் இரண்டாம் வகை. ஆளுநர் அவை உறுப்பினராயிருந்த ஹெரால்டு ஸ்டூவர்ட்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அஜீஸ் நகர் முதல் வகையைச் சார்ந்தது. இக்குடியேற்றங்களில் வாழ்ந்தோரின் உழைப்பு சுற்றுப்புற நிலங்களுக்கும் ஆலைகளுக்கும் மலிவாகக் கிடைத்தது என்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். சீர்திருத்தம் என்ற பெயரில் செலவிடப்பட்ட பணம் வேறொரு வழியில் வேறொருவரின் இலாபமாயிற்று.

ஒரே வரவு செலவில் இரு செலவுகள்

இதே சட்டத்தின் வரலாற்றில் நாம் சிந்திக்க வேண்டிய மற்றொரு நிகழ்வும் உண்டு. மதுரை மாவட்டத்தில் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது இச்சட்டம் ஏவப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை மறுத்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில், ஒரு பெண் உட்பட 16 பேர் உயிர் நீத்தனர். ரேகைச் சட்டத்துக்கு எதிராக வழக்காடியவர்களுள் ஜார்ஜ் ஜோசப் குறிப்பிடத்தக்கவர். பின்னாளில் முத்துராமலிங்கத் தேவரும் ப. ஜீவானந்தமும் இச்சட்டத்தை நீக்கக் கோரிப் போராடினர்.

கண்காணிப்பு ஒருபுறம் தொடர, அதே காலத்தில் அரசு 'கள்ளர் சீரமைப்பு' என்னும் திட்டத்தையும் தொடங்கியது. ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. உதவித்தொகையும் விடுதிகளும் வந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பயிர்த்தொழிலுக்கும் கைத்தொழிலுக்கும் உதவி அளிக்கப்பட்டது. ஆக, குற்றத்தடுப்பு என்ற ஒரே நோக்கின் கீழ் ஒரு கை ரேகைப் பதிவேட்டுக்கும் இரவுக் காவலுக்கும் செலவிட்டது. மறு கை கரும்பலகைக்கும் சிலேட்டுக்கும் செலவிட்டது.

இவ்விரண்டில் எது நிலைத்தது? சென்னை மாகாண அரசு 1947இல் சட்டம் இயற்றிக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கு நீக்கியது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அது நீங்கியது. ரேகைப் பதிவேடுகள் மக்கள் மனத்தில் ஆறாத வடுவை மட்டுமே விட்டுச் சென்றன. பள்ளிகளோ நின்று வளர்ந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் கற்ற பல தலைமுறையினர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தனர். பல துறைகளின் கீழுள்ள பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக 2023-24ஆம் ஆண்டுத் தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டபோது, 'எங்கள் பள்ளிகளை எங்களிடமிருந்து பிரிக்காதீர்' என்னும் எதிர்ப்புக் குரல் அம்மாவட்டங்களில் எழுந்தது. ஐயத்தின் பெயரால் தொடங்கிய ஒன்றை மக்கள் தம் உடைமையாக மாற்றிக் கொண்டதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. அவர்கள் காத்துக்கொள்ள விரும்பியது பள்ளியையே; பதிவேட்டை மீட்டுத் தரும்படி எவரும் கேட்டிலர்.

சட்டம் நீங்கியதும் ஐயமும் நீங்கிவிட்டது என்று கூறுவதற்கில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சமூகத்தின் பெயர் சட்டத்திலிருந்து மறைந்தது. ஆனால், 'சரித்திரப் பதிவேடு' என்னும் பழக்கம் காவல்நிலையத்தில் தொடர்ந்தது.

பக்தாத் நகரத்து இளைஞர் குழுக்கள்

தெருவில் திரியும் இளைஞர் கூட்டத்தை அரசு எவ்வாறு அணுகுவது என்னும் வினா நவீன காலத்துக்கு மட்டும் உரியதன்று. இஸ்லாமிய வரலாற்றிலும் இவ்வினா எழுந்துள்ளது.

அப்பாஸிய ஆட்சியின் நடுக்காலத்தில் பக்தாத் நகரில் 'அய்யாரூன்' எனப்பட்ட இளைஞர் குழுக்கள் பெருகின. மைய அதிகாரம் தளர்ந்தபோது அவர்கள் தம் பகுதியைக் காத்தனர். வேறு சமயங்களில் கடைவீதி வணிகரிடம் காவற்பணம் பறித்தனர். நம் நாட்டுக் காவற்கூலி முறையின் இரு முகங்களும் அங்கேயும் இருந்தன. இக்குழுக்கள் தம் ஒழுக்க நெறியை 'ஃபுதுவ்வா' என்று அழைத்தன. இளைஞன் என்னும் பொருள்படும் 'ஃபதா' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஈகை, வீரம், விருந்தோம்பல், வாக்குத் தவறாமை ஆகியன அந்நெறியின் கூறுகள்.

கலீஃபா அந்நாஸிர் லி தீனில்லாஹ் (ஆட்சி ஹி. 575 - 622 / கி.பி. 1180 - 1225) இக்குழுக்களை ஒழிக்க முற்படவில்லை. ஹி. 578இல் (கி.பி. 1182) அவரே ஃபுதுவ்வா உடையணிந்து அதன் உறுப்பினரானார். ஹி. 604இல் (கி.பி. 1207) ஆணையொன்று பிறப்பித்து, சிதறிக் கிடந்த குழுக்களைத் தம் தலைமையின் கீழ்க் கொணர்ந்தார். கொலை புரிந்தவனுக்கு ஃபுதுவ்வாவில் இடமில்லை என அவ்வாணை விதித்தது. அவர் தம் அரசியல் வலிமையைப் பெருக்கிக் கொள்ளவும் இது உதவியது என்பது உண்மையே. எனினும் அவருடைய அணுகுமுறையில் ஒரு நுட்பம் உண்டு. இளைஞர்களிடம் ஏற்கெனவே இருந்த நற்பண்பின் பெயரைக் கொண்டே அவர்களை அழைத்தார். குற்றத்தின் பெயரால் அழைக்கவில்லை.

மங்கோலியப் படையெடுப்பால் பக்தாத் வீழ்ந்த பின்பும் இந்நெறி அனத்தோலியாவில் 'அகீ' சங்கங்களாகத் தொடர்ந்தது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குச் சென்ற இப்னு பதூதா, அந்தாலியா நகரில் தம்மை விருந்துக்கு அழைத்த அகீ ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தோல் தைக்கும் தொழிலாளி. அவரைச் சூழ்ந்திருந்தோர் பல்வேறு கைத்தொழில் புரியும் ஏறத்தாழ 200 இளைஞர்கள். பகலில் உழைத்து ஈட்டியதை மாலையில் பொதுவில் சேர்த்து, அதைக் கொண்டு வழிப்போக்கருக்கு விருந்தளித்தனர். ஊரில் அடாவடி செய்வோரை அடக்குவதும் அவர்களின் பணியாக இருந்தது. இளைஞரை நல்வழியில் நிறுத்தியவை தொழிலும் தோழமையும் பொதுப்பையுமே என்பதை அப்பயணியின் குறிப்பு உணர்த்துகிறது.

குற்றத்துக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பைச் சட்டமே ஏற்றுக்கொண்ட முன்மாதிரியும் நம் வரலாற்றில் உண்டு. 'ஆமுர் ரமாதா' எனப்படும் ஹி. 18ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தின்போது ஹழ்ரத் உமர் (ரலி) திருட்டுக்குரிய தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தார்கள் என ஃபிக்ஹ் அறிஞர்கள் எடுத்துரைக்கின்றனர். பசியைப் போக்கும் கடமையில் அரசு பின்தங்கியிருக்கையில், பசித்தவனைத் தண்டிக்கும் உரிமையும் தளர்கிறது என்பதே அம்முடிவின் கருத்து.

சிறாரும் காவல்துறையும்

தமிழகத்தில் குற்றம் புரிந்த சிறுவர்களைச் சிறையிலிருந்து பிரித்து வளர்க்கும் முயற்சி 1887இல் செங்கற்பட்டில் நிறுவப்பட்ட சீர்திருத்தப் பள்ளியில் வேர் கொண்டது. 1920இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறுவர் சட்டம், இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுக்கு முன்னோடியாக அமைந்தது. வங்காளமும் பம்பாயும் 1922, 1924ஆம் ஆண்டுகளில் அதனைப் பின்பற்றின. ஒரே மாகாணத்தில், ஒரே ஆண்டில், பெருங்காமநல்லூரில் துப்பாக்கியும் சட்ட நூலில் சிறுவர் நலனும் பேசின என்பது வரலாற்றின் விந்தை.

விடுதலைக்குப் பின், குற்றம் நிகழுமுன்பே சிறாரை அணுகும் முயற்சியாகக் காவல்துறை சார்பில் குடிசைப் பகுதிகளில் காவல் சிறார் மன்றங்கள் தோன்றின. கேரம் பலகை, கால்பந்து, மாலை நேர வகுப்பு என எளிய வசதிகளைக் கொண்ட மன்றங்கள் இவை. பின்னர் இவை சிறுமியருக்கும் உரியனவாயின.

1999 முதல் 2001 வரை திருச்சி மாநகரக் காவல் ஆணையராயிருந்த ஜே.கே. திரிபாதி, பகுதிக் காவலர் முறை, புகார்ப் பெட்டி, பெண்களுக்கான உதவித் தொலைபேசி, குடிசைப் பகுதித் தத்தெடுப்பு என நான்கு திட்டங்களை நடைமுறைப்படுத்தினார். ஒரே காவலர் ஒரே பகுதியில் தொடர்ந்து பணியாற்றி, அங்குள்ளோரைப் பெயர் சொல்லி அறிந்திருப்பதே இதன் அடிப்படை. பெரும் நிதி தேவைப்படாத, ஆனால் பொறுமை தேவைப்பட்ட திட்டம் இது.

மாறாக, 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்றைய கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கி, மாநிலமெங்கும் பரவிய 'காவல்துறை நண்பர்கள்' இயக்கத்தின் முடிவு வேறுவிதமாயிற்று. மக்களுக்கும் காவல்துறைக்கும் பாலமாக அமைவதே அதன் தொடக்க நோக்கம். அந்நோக்கத்துக்காக வெளிநாட்டுப் பாராட்டும் அதற்குக் கிடைத்தது. எனினும், காலப்போக்கில் சில நிலையங்களில் இளைஞர்கள் பயிற்சியும் சட்டப் பொறுப்பும் இன்றிக் காவலர்களின் ஏவலாட்களாக மாறினர் என்ற குறை எழுந்தது. 2020 சூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்த கொடுமையை அடுத்து, இத்தன்னார்வலர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அவ்வமைப்பின் செயல்பாட்டுக்குத் தடை விதித்தது. இளைஞனுக்குக் கல்வியையோ தொழிலையோ தராமல் அதிகாரத்தின் நிழலை மட்டும் தருவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது பாடமாகும்.

அண்மைக்காலத் திட்டங்கள் பெரும்பாலும் பள்ளியை மையமாகக் கொண்டுள்ளன. கேரளத்தில் 2010 ஆகஸ்ட் 2 அன்று 127 பள்ளிகளில் தொடங்கப்பட்ட மாணவர் காவல் படை, 2018 சூலை 21 அன்று தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்டது. மாநிலங்களுக்கென 67 கோடி ரூபாயை நடுவண் அரசு ஒதுக்கியது. தமிழக அரசு 2022 செப்டம்பர் 14 அன்று சென்னையில் தொடங்கிய 'சிற்பி' திட்டம், 100 பள்ளிகளில் பள்ளிக்கு 50 மாணவர் வீதம் 5,000 பேரை உள்ளடக்கியது. இதற்கென 4 கோடியே 25 இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாணவர் ஒருவருக்கு 8,500 ரூபாய் எனக் கணக்காகிறது. இத்திட்டங்களின் பலனை நிறுவக் காலம் தேவை. ஆயினும் இவற்றில் ஒரு சிறப்பு உண்டு. மாணவன் ஒரு பள்ளியின் மாணவன் என்ற முறையில் தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஒரு தெருவில் பிறந்தவன் என்ற முறையில் அன்று.

பிரிட்டனும் பிவண்டியும்

பிறப்பைப் பார்த்து நிதி ஒதுக்கும் வழக்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்தோடு மறைந்துவிட்டதா? அச்சட்டத்தை நமக்குத் தந்த பிரிட்டனிலேயே அது புதிய வடிவில் தோன்றியது என்பது கருதத்தக்கது.

2005 சூலை 7 அன்று இலண்டனில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின் 'பிரிவென்ட்' என்னும் தடுப்புத் திட்டம் வலுப்பெற்றது. 2007-08ஆம் நிதியாண்டில் 70 உள்ளாட்சி அமைப்புகளுக்கு 60 இலட்சம் பவுண்டு வழங்கப்பட்டது. அவ்வமைப்புகளைத் தேர்ந்தெடுக்கக் கொண்ட அளவுகோல் அங்கு வாழும் முஸ்லிம்களின் விழுக்காடே. நூற்றுக்கு ஐவருக்கு மேல் இருந்தால் நிதி கிடைக்கும். அப்பணத்தில் இளைஞர் மன்றங்களும் விளையாட்டுப் போட்டிகளும் மகளிர் வகுப்புகளும் நடைபெற்றன. அவற்றுள் நல்லவை பல. ஆனால், தங்கள் பிள்ளைகள் பந்து விளையாடக் கிடைத்த பணம், அவர்கள் நாளை வன்முறையாளர் ஆகக்கூடும் என்ற கணிப்பின் பெயரால் வந்தது என்பதைப் பெற்றோர் அறிந்தபோது மனம் கசந்தனர். பணியாளர்கள் இளைஞர்களைப் பற்றிய செய்திகளைக் காவல்துறைக்குத் தருகின்றனரோ என்ற ஐயமும் பரவியது. 2010 மார்ச் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவொன்று இத்திட்டத்தைக் கடுமையாக விமர்சித்தது. 2011இல் சமூக ஒருங்கிணைப்புப் பணிகள் அதிலிருந்து பிரிக்கப்பட்டன. பணம் குறைவாக இருந்ததன்று அங்கு நேர்ந்த பிழை. பணத்தின் மேல் எழுதப்பட்ட முகவரியே பிழை.

இந்தியாவில் இதற்கு எதிர்மாறான முன்மாதிரி ஒன்று உண்டு. மராட்டியத்தின் விசைத்தறி நகரமான பிவண்டி 1970இலும் 1984இலும் வகுப்புக் கலவரங்களால் சிதைந்தது. 1988இல் அங்குக் காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, மொகல்லாதோறும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே அமரும் குழுக்களை அமைத்தார். ஏறத்தாழ 70 குழுக்கள் உருவாயின. தண்ணீர்க் குழாய், சாக்கடை, அண்டை வீட்டுச் சண்டை என அன்றாடச் சிக்கல்களே அவற்றில் பேசப்பட்டன. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் அருகிலுள்ள மும்பை பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதி காத்தது. அக்கலவரத்துக்குப் பின் மும்பையிலும் ஜூலியோ ரிபெய்ரோ, சதீஷ் சஹானி முதலியோரின் முயற்சியால் மொகல்லாக் குழு இயக்கம் தோன்றி, இரு சமூக இளைஞர்களும் ஒரே அணியில் ஆடும் கிரிக்கெட் போட்டிகளை நடத்தியது. இங்கு நிதி சிறிது, நம்பிக்கை பெரிது. குழுவில் அமர்ந்தோர் கண்காணிக்கப்படுவோராக அன்றி, ஊரைக் காப்போராக அமர்ந்தனர்.

நமக்குரிய கடமை

தமிழக முஸ்லிம்களுக்கு இவ்வரலாறு தொலைவில் உள்ள ஒன்றன்று. 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளுக்கும் பின், எக்குற்றமும் அறியாத இளைஞர் பலர் தம் பெயரின் காரணமாகவே ஐயத்தின் நிழலில் வாழ நேர்ந்தது. ஆகவே, ரேகைச் சட்டத்தால் துன்புற்ற சமூகங்களின் வரலாற்றை நம் வரலாறாகவே நாம் கற்றல் வேண்டும். அஜீஸ் நகரில் குடியமர்த்தப்பட்டோருடைய பேரப்பிள்ளைகளின் மனவலியை உணர நமக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

இன்று ஒரு நகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ காவல்துறையோ இளைஞர் நலத் திட்டத்தோடு நம் ஜமாஅத்தை அணுகினால், அதனை ஐயுற்று விலக்குவதும் ஆராயாமல் வரவேற்பதும் சரியன்று. மேற்கூறிய வரலாறு தரும் அளவுகோலால் அதனை அளத்தல் வேண்டும். பயனாளிகளின் பட்டியல் பள்ளியையோ வார்டையோ அடிப்படையாகக் கொண்டதா, சமயத்தையும் சாதியையும் அடிப்படையாகக் கொண்டதா என்று கேட்க வேண்டும். திட்டம் முடிந்த பின் இளைஞனிடம் எஞ்சி நிற்பது கல்வியா, தொழிலா, அல்லது காவலரோடு நின்று எடுத்துக்கொண்ட ஒரு நிழற்படம் மட்டுமா என்று கேட்க வேண்டும். மன்றத்தில் பேசப்படுவது காவல்நிலையக் குறிப்பேட்டில் ஏறாது என்னும் உறுதியை எழுத்தில் பெற வேண்டும். செலவுக் கணக்கு அப்பகுதி மக்கள் முன் படிக்கப்பட வேண்டும். இவற்றுக்கு ஒப்பும் திட்டத்தை மாற்று மதச் சகோதரர்களோடு சேர்ந்து நாமே முன்னின்று நடத்தலாம்.

விருத்தாசலத்தில் இதற்கு நல்லதொரு எடுத்துக்காட்டு கண்முன்னே உள்ளது. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிப்படும் வெண்களிமண்ணைப் பயன்படுத்தும் பொருட்டு, அரசு இந்நகரில் பீங்கான் தொழிற்கல்வி நிலையத்தையும் தொழிற்பேட்டையையும் நிறுவியது. அச்சில் வார்ப்பதையும் வண்ணம் பூசுவதையும் சூளை வைப்பதையும் எல்லாச் சமூகத்து இளைஞரும் கற்றனர். பொம்மையும் அகல் விளக்கும் செய்து குடும்பம் காத்தோர் பலர். குற்றத்தடுப்பு என்ற பெயரில் வந்த பணமன்று அது. எவரையும் ஐயுறாமல், எவருடைய ரேகையையும் கேட்காமல், கைக்கு ஒரு தொழிலைத் தந்த பணம். இன்று பல சிறு பட்டறைகள் சந்தைப் போட்டியில் தடுமாறுகின்றன. குற்றத்தடுப்புக்கெனத் தனி நிதி தேடுவோர், இச்சூளைகளுக்கும் அவற்றில் தொழில் பழகும் இளைஞர்களுக்கும் அந்நிதியில் ஒரு பங்கைக் கேட்டுப் பெற முயல்வது பொருத்தமான தொடக்கமாக அமையும்.